ஈரம் இருந்தும் தாகம்

காலையில் தண்ணீர் கட்டிய கொல்லை. மண்ணை அள்ளி அழுத்தினால் உருண்டை பிடிக்கிறது, அவ்வளவு ஈரம். ஆனாலும் பதினொரு மணி வெயிலுக்கே மிளகாய்ச் செடி தலையைத் தொங்கப்போட்டுவிடுகிறது. தண்ணீர் போதவில்லை என்று மறுநாளும் மோட்டாரைப் போடுகிறோம். செடி மேலும் வாடுகிறது. ஊத்தங்கரை, மத்தூர், சிங்காரப்பேட்டைப் பக்கம் கோடையில் போர் தண்ணீரை நம்பிப் பயிர் வைப்பவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான்: "தண்ணி கட்டியும் ஏன் சார் காயுது?"

முதலில் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். அழுகல் இருக்கிறதா, நூற்புழுவின் முடிச்சுகள் இருக்கின்றனவா? தண்டை நீளவாக்கில் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு ஓடுகிறதா? இவை இருந்தால் அது நோய்; அதற்கு வேறு வைத்தியம். இவை எதுவும் இல்லாமல், பழைய இலைகளின் நுனியும் ஓரமும் கருகி, இலை சிறுத்து, கொஞ்சம் நீலம் கலந்த மங்கிய பச்சையில் செடி நிற்கிறது, வாய்க்கால் ஓரத்திலும் பார் உச்சியிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது என்றால், நீங்கள் சந்தேகப்பட வேண்டியது பாய்ச்சும் தண்ணீரையே.

காரணம் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த சவ்வூடு பரவல். தேர்வோடு மறந்துபோகிற பாடம் அது. ஆனால் கொல்லை, சமையலறை, மருத்துவமனை, குடிநீர்த் தொட்டி ஆகிய நான்கு இடங்களிலும் பணத்தையோ உயிரையோ காப்பாற்றக்கூடிய பாடம்.

மாங்காயை நறுக்கிக் கல் உப்புப் போட்டுக் குலுக்கி ஜாடியில் வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நாம் ஊற்றுவதில்லை. மறுநாள் திறந்தால் ஜாடியில் நீர் தளும்புகிறது, துண்டுகள் சுருங்கியிருக்கின்றன. மாங்காயின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது தண்ணீரைத் தாராளமாக விடும். உப்பையும் சர்க்கரையையும் எளிதில் விடாது. அப்படிப்பட்ட சவ்வின் ஒரு பக்கம் கரைசல் நீர்த்தும் மறுபக்கம் அடர்ந்தும் இருந்தால், நீர்த்த பக்கத்துத் தண்ணீர் அடர்ந்த பக்கத்துக்குப் போகும். ஜாடியில் வெளியே உப்பு அதிகம் என்பதால் மாங்காயின் நீர் வெளியே வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் பாய்ந்த கொல்லையில் வேருக்கு நேர்வதும் இதுவே.

நல்ல மண்ணில் நிலைமை தலைகீழ். வேர்ச் செல்லுக்குள் பொட்டாசியமும் சர்க்கரையும் பிற பொருள்களும் கரைந்திருக்கின்றன. மண்ணில் இருக்கும் நீர் அதைவிட நீர்த்தது. அதனால் தண்ணீர் தானாக உள்ளே வருகிறது. இலைகள் வழியாக ஆவியாகும் நீர் மேலிருந்து இழுத்துக்கொண்டே இருக்க, வேரின் சவ்வுகளைத் தாண்டி நீர் தொடர்ந்து ஏறுகிறது. செல்கள் நீரால் விறைத்து நிற்பதால்தான் கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்கிறது. இலைத்துளைகள் திறப்பதும் மூடுவதும்கூடக் காவல் செல்களுக்குள் நீர் புகுந்து வெளியேறுவதால் நடப்பவைதான். சவ்வில் தண்ணீருக்கென்றே தனிப்பட்ட புரத வாய்க்கால்கள் இருப்பதை 1992-இல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஏக்ரே கண்டறிந்தார். 2003-இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மண்ணில் உப்பு ஏறும்போது பல பயிர்கள் வேரிலுள்ள இந்த வாய்க்கால்களை அடைத்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் நீரையாவது காப்பாற்றச் செடி செய்யும் ஏற்பாடு அது. அந்த நேரத்தில் மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே போவது குறைவுதான்.

உங்கள் போர் தண்ணீர் கொல்லைக்கு எவ்வளவு உப்பைக் கொண்டுவருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர் ஆய்வு அட்டையில் மின்கடத்துத் திறன், அதாவது இ.சி., என்று ஓர் எண் இருக்கும். அது மீட்டருக்கு 2 டெசிசைமன்ஸ் என்றால், லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று பொருள். ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் தண்ணீர் கட்டினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். ஆக, ஒரே பாய்ச்சலில் 250 கிலோவுக்குக் குறையாத உப்பு கொல்லைக்குள் வந்து இறங்குகிறது. 50 கிலோ மூட்டையில் ஐந்து மூட்டை. பத்துப் பாய்ச்சலுக்கு இரண்டரை டன். இது முழுவதும் சமையல் உப்பு அல்ல. சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்தது. பயிர் அதில் எடுத்துக்கொள்வது சிறு பங்கு. தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. மழை வந்து கீழே இறக்கினால்தான் உண்டு.

மண் காயக் காய இந்த உப்பு அடர்த்தியாகிறது. மண் நீரின் இ.சி. 4 ஆக இருக்கும்போது, தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துவைக்கும் அதன் இழுவிசை 1.4 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். ஈரம் பாதியாகக் குறைந்தால் அது இரு மடங்காகும். மண் துகள் நீரைப் பிடித்துவைக்கும் பிடி தனி. அதற்கு மேல் இந்தப் பிடியும் சேர்கிறது. உப்புக் கொல்லையில் பயிர் மற்றவர் கொல்லையைவிட இரண்டு நாள் முன்பே வாடக் காரணம் இதுதான்.

கொல்லைக்குச் செய்ய வேண்டியவை

ஆய்வு இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். காவேரிப்பட்டினத்துக்கு அருகே பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எலுமிச்சங்கிரியில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. மண், நீர் ஆய்வை எங்கே கொடுப்பது என்று இவர்களிடமோ உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளலாம். மோட்டாரை இருபது நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறையும் கொடுங்கள். பாறை இடுக்குகளில் தேங்கிய நீரை உறிஞ்சும் நம் போர்களில் மழைக்குப் பிறகு ஓர் எண்ணும் கோடையில் இன்னோர் எண்ணும் வரும். பயிரைத் தீர்மானிக்க வேண்டியது கோடை எண்ணை வைத்து.

பாசன நீரின் இ.சி. 0.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை கவனமாகக் கையாள வேண்டிய தண்ணீர். 3-ஐத் தாண்டினால், தாங்கும் பயிர்களைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

இங்கே பயிர்களுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. மண்ணின் இ.சி. 1-ஐத் தாண்டினாலே பீன்ஸ் மகசூலை இழக்கத் தொடங்கும். வெங்காயம் 1.2, மிளகாய் 1.5 வரை தாங்கும். தக்காளி 2.5, நெல் 3, நிலக்கடலை 3.2. சோளம் 6.8 வரையிலும் பருத்தி 7.7 வரையிலும் அசையாமல் நிற்கும். மா உப்புக்கு அஞ்சும் மரம். இலை நுனி கருகுவதில் தொடங்கும். தென்னை நன்றாகத் தாங்கும். ஓசூர், தளி பக்கத்து நண்பர் பீன்ஸில் காசு பார்த்தார் என்பதற்காக இ.சி. 2 உள்ள தண்ணீரை வைத்துக்கொண்டு இங்கே பீன்ஸ் போடுவது, விதைக்கும் அன்றே நஷ்டத்துக்குக் கையெழுத்துப் போடுவது. அதே தண்ணீரில் நிலக்கடலை தாராளமாக வரும்.

வருமா என்றால், ஒரு நிபந்தனையோடு வரும். பயிருக்குத் தேவையான தண்ணீருக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகப் பாய்ச்சி, வேர்ப் பகுதியில் சேர்ந்த உப்பைக் கீழே இறக்க வேண்டும். இ.சி. 2 உள்ள தண்ணீருக்கு நிலக்கடலையில் இந்தக் கூடுதல் பங்கு சுமார் 15 சதவீதம். தக்காளிக்கு 20 சதவீதத்தை ஒட்டி வரும். பீன்ஸுக்குக் கணக்குப் போட்டால் மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீரை மண்ணுக்குக் கீழே விரட்ட வேண்டியிருக்கும். யாராலும் முடியாத காரியம். தினமும் மேலாகத் தெளித்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். அது உப்பை முழுவதும் மேல் நான்கு விரற்கடைக்குள்ளேயே அடுக்கிவைக்கும். மண்ணை முற்றாகக் காயவும் விடாதீர்கள். மூன்று நான்கு பாய்ச்சலுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி கட்டுங்கள். நம் பக்கத்துச் செம்மண், சரளை மண்ணுக்கு இது நன்றாகப் பலிக்கும், தண்ணீர் இறங்கிப்போகும். பாம்பாற்றின் கரையை ஒட்டியும் ஏரிக்குக் கீழேயும் உள்ள களிப்பான தாழ்ந்த நிலத்தில் வடிகால் வெட்டாமல் இதைச் செய்தால் கெடுதல்தான் மிஞ்சும்.

சொட்டுநீர் போட்டவர்கள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இதைக் குழாய் பதிக்க வருபவர்கள் சொல்வதில்லை. சொட்டுவானைச் சுற்றி நனையும் வட்டத்தின் ஓரத்தில்தான் உப்பு போய்ச் சேர்கிறது. நடுவில் வேர் நிம்மதியாக இருக்கும். திடீரென்று ஒரு தூறல் விழுந்தால் ஓரத்து உப்பு கரைந்து வேருக்கே திரும்பிவிடும். மழை வருகிறதே என்று மோட்டாரை நிறுத்துவது இயல்பு. ஆனால் உப்புத் தண்ணீர்க் கொல்லையில் சிறு மழை பெய்யும்போது சொட்டுநீரை ஓடவிட வேண்டும். அப்போதுதான் உப்பு வெளிப்பக்கமே தள்ளப்படும். ஓரிரு அங்குலம் கனமழை பெய்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம்.

பார் பிடித்து நடுபவர்கள் நாற்றை உச்சியில் வைக்காமல் சரிவில் வையுங்கள். நீர் ஆவியாக ஆவியாக உப்பு உச்சிக்கு ஏறும். மூடாக்குப் போடுங்கள், கடலைத் தோலோ கரும்புச் சோகையோ எது கிடைத்தாலும் சரி, ஆவியாதல் குறைந்தால் உப்பு மேலேறுவதும் குறையும். பண்ணைக் குட்டையில் மழை நீர் இருந்தால் அதை விதைப்புக்கும் முதல் இருபது நாளுக்கும் ஒதுக்குங்கள். முளைக்கும் விதையும் இளநாற்றும்தான் உப்புக்கு முதலில் பலியாகும். வளர்ந்த பயிர் கொஞ்சம் சமாளிக்கும். நெல் விதையை உப்புக் கரைசலில் முட்டை மிதக்கவிட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உள்ளவர்கள், மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசியே ஆக வேண்டும். ஒட்டிய உப்பு விதைக்குள் நீர் புகுவதைத் தடுத்து முளைப்பைக் கெடுக்கும்.

உரமும் கரைந்தால் வேரைப் பொறுத்தவரை உப்பு மாதிரிதான் வேலை செய்யும். தண்டை ஒட்டி ஒரு கைப்பிடி யூரியாவைக் குவித்தால் மறுநாள் செடி வெந்தது போல நிற்பதற்கு, அதிலிருந்து கிளம்பும் அமோனியா ஒரு காரணம். வேரிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுவது இன்னொரு காரணம். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஈர மண்ணில், பிரித்துப் பிரித்து வையுங்கள், வைத்ததும் தண்ணீர் கட்டுங்கள். சாம்பல் சத்துக்கு நாம் வாங்கும் மூரியேட் ஆஃப் பொட்டாஷின் உப்புக் குறியீடு 116. சல்பேட் ஆஃப் பொட்டாஷுக்கு 46. விலை கூடுதல் என்றாலும், ஏற்கெனவே உப்புத் தண்ணீர் பாயும் கொல்லையில் மிளகாய், வெங்காயம், பீன்ஸ் போன்றவற்றுக்குப் பின்னதே நல்லது. இலைவழி யூரியா என்றால் லிட்டருக்கு 10 கிராம், மிஞ்சினால் 20. உச்சி வெயிலில் தெளிக்கவே கூடாது. நீர் காய்ந்து, இலைமேல் தங்கும் கரைசல் அடர்ந்து, கருக்கிவிடும்.

ஜிப்சம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம் விவசாயிகளின் பணம் நிறையப் போகிறது. ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து, அதாவது சோடியம் மிகுந்து இறுகிப்போன மண்ணுக்கு. வெறும் உவர் மண்ணுக்கு அதனால் பயனில்லை. அதுவும் ஓர் உப்புதான். கார அமில நிலையும் சோடியத்தின் பங்கும் ஆய்வில் தெரியாமல் வண்டி வண்டியாக ஜிப்சம் இறக்காதீர்கள்.

தென்பெண்ணைத் தண்ணீரை எடுப்பவர்களுக்குத் தனிக் கவலை இருக்கிறது. பெங்களூரின் கழிவு நீர் கலந்து வரும் அந்த ஆறு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்பதைப் பலமுறை செய்திகளில் பார்த்திருக்கிறோம். உப்பளவு மட்டுமல்ல, மற்ற மாசுகளும் அதில் உண்டு. எல்லை தாண்டிய இந்தச் சிக்கலைத் தனி விவசாயி தீர்க்க முடியாது, அரசுகள்தான் தீர்க்க வேண்டும். அதுவரை பாசனக் காலத்தில் மாதம் ஒருமுறையாவது இ.சி. பார்த்துப் பாய்ச்சுங்கள்.

ஜாடிக்கு ஒரு வார்த்தை. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கும் காரணம் இதே பரவல்தான். உப்பு மிகுந்த நீரில் விழும் நுண்ணுயிரின் உடலிலிருந்து தண்ணீர் வெளியேறி அது செயலற்றுப்போகிறது. ஒரு கிலோ மாங்காய்க்கு 150 முதல் 200 கிராம் வரை கல் உப்பு வேண்டும். அதைக் குறைத்தால் நுண்ணுயிருக்கு வழி திறக்கிறோம். துண்டுகள் ஊறிய நீருக்குள் மூழ்கியே இருக்கட்டும். ஈரக் கரண்டி போடாதே என்று பாட்டிமார்கள் கண்டித்ததில் முழு அறிவியல் இருக்கிறது: கரண்டியிலிருந்து சொட்டும் நீர் மேற்பரப்பில் அந்த ஓரிடத்தில் உப்பை நீர்க்கச் செய்கிறது, அங்கேதான் பூசணம் பிடிக்கிறது.

உடம்புக்கு

கொல்லையைவிட நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். நம் உடம்பின் செல்களும் சவ்வுக்குள் அடைந்த நீர்தான். ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் சோடியம் இருக்க வேண்டும். குறைந்தால் நீர் செல்லுக்குள் புகுந்து செல் வீங்கும். கூடினால் செல் சுருங்கும். மூளை மண்டையோட்டுக்குள் அடைபட்ட உறுப்பு. அதற்கு வீங்க இடமில்லை. மருத்துவமனையில் ஏற்றும் சலைன் லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கில் இருப்பது ரத்தச் சிவப்பணு வீங்கவும் கூடாது சுருங்கவும் கூடாது என்பதற்காக. வெறும் காய்ச்சி வடித்த நீரை நேராக ரத்தத்தில் ஏற்றினால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

ஏப்ரல், மே வெயிலில் கிரானைட் குவாரியிலும் செங்கல் சூளையிலும் நூறு நாள் வேலையிலும் நிற்பவர்கள், பர்கூர், ஓசூர் சிப்காட் ஆலைகளில் உலை அருகே வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் சொல்வது: வியர்வையில் நீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. மணிக்கணக்காக வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு, முற்றினால் வலிப்பு. இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று சீராகக் குடியுங்கள். ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். இடையில் உப்புப் போட்ட மோர், கேழ்வரகுக் கூழ், ஊறுகாயோடு பழைய சோறு. நம் ஊர்க் காலை உணவில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. ஆலை கேன்டீன்களும் கோடையில் மோரை வாளியில் வைக்கலாம். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடு செய்யாது. ரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அளவில் யாரும் விளையாட மாட்டார்கள். வயிற்றுப்போக்கின்போதும் சிறுகுடல் சுவரில் ஒரு வழி திறந்தே இருக்கிறது. அது குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும், தனித்தனியாக இழுக்காது. இரண்டும் உள்ளே போனதும் அவற்றின் பின்னால் சவ்வைத் தாண்டித் தண்ணீர் வருகிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களையே ஊட்டிவிடச் சொன்னார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். மறுஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று கையில் கொடுக்கும் சிறு பொட்டலத்துக்குப் பின்னால் அந்த முகாம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் அடர்த்தி லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். ரத்தத்தின் அடர்த்தி 290-ஐ ஒட்டியது. கரைசல் ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்திருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குள் போகிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் அடர்த்தி தலைகீழாகிவிடும். உடம்பின் நீர் குடலுக்குள் இறங்கிப் போக்கு அதிகமாகும், குழந்தையின் ரத்தத்தில் உப்பும் ஏறும். தாய்மார்களே, பொட்டலத்தின் மேல் எத்தனை மில்லிக்கு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீரில், முழுப் பொட்டலத்தையும் ஒரே நேரத்தில் கரையுங்கள். பாதியை இன்றைக்கு, மீதியை நாளைக்கு என்று பிரிக்க வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பொட்டலம் கையில் இல்லாத ராத்திரியில், ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு சிறு கரண்டிச் சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு.

குளிர்பானம், பாட்டில் ஜூஸ், வெறும் குளுக்கோஸ் மாவு, இவை ஓ.ஆர்.எஸ். ஆகாது. சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் நீரை இழுக்கும். சூத்திரம் பொருந்தாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. கடையில் எதைக் கொடுத்தாலும் உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்ற வரி அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் என்றால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஊத்தங்கரை அரசு மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள்.

பெரியவர்களுக்கு ஓர் அறிகுறி. தீராத தாகமும் இரவில் நாலைந்து முறை சிறுநீரும் வந்தால் வெயில் என்று ஒதுக்காதீர்கள். ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.

குடிநீர்த் தொட்டிக்கு

ஆர்.ஓ. கருவி இந்தப் பரவலை வலுக்கட்டாயமாகத் திருப்புகிறது. உப்புப் பக்கத்தில் பம்பு அழுத்தம் கொடுக்க, தண்ணீர் மட்டும் சவ்வைத் தாண்டி வருகிறது. அதைச் செயலுக்குக் கொண்டுவந்த சவ்வை 1959-ஐ ஒட்டிக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவர் சிட்னி லோபும் இந்தியரான சீனிவாச சௌரிராஜனும். நமக்கு அந்தக் கருவி ஆடம்பரம் அல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் அதையே பிடித்துவையுங்கள். குடிப்பது கேன் தண்ணீர், சோறும் குழம்பும் போர் தண்ணீர் என்றால் ஃப்ளோரைடு வயிற்றுக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். கொதிக்கவைத்தால் அது போகாது, அடர்த்தியாகும்.

வீட்டுக்கு வந்து டி.டி.எஸ். பேனாவை நனைத்துக் காட்டிக் கருவி விற்பவர்கள் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பேனா மொத்த உப்பை மட்டும் சொல்லும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கும் நீருக்குப் பொதுவாக ஆர்.ஓ. தேவைப்படாது, 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் அதுவே. ஆனால் 400 காட்டும் நீரிலும் ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருக்கலாம். அதைப் பேனா காட்டாது. குழந்தைகளின் பல்லில் வெண்திட்டோ பழுப்புக் கோடோ தெரிந்தால் ஃப்ளோரைடு ஆய்வைத் தள்ளிப்போடாதீர்கள்.

கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வீட்டுக் கருவி நான்கு லிட்டர் வாங்கி ஒரு லிட்டர் கொடுத்தால், மீதி மூன்று லிட்டரில் உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். 900 உள்ள போர் தண்ணீர் 1,200-ஐ நெருங்கும். கேன் தண்ணீர் தயாரிக்கும் நிலையங்களில் பாதியை எடுத்துக்கொள்வதால் கழிவில் உப்பு ஏறத்தாழ இரு மடங்கு. வீட்டுக் கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் வையுங்கள். தென்னைக்கு ஊற்றலாம். கறிவேப்பிலை, மல்லிகை, மிளகாய், மாங்கன்று இருக்கும் பாத்திக்கு மட்டும் அந்தக் குழாயைத் திருப்பாதீர்கள். நிலையம் நடத்துபவர்கள் ஏரிக்குப் போகும் ஓடையில் அதை விடுவதும் தவறு. கீழே இருக்கும் கொல்லைகளின் கிணற்றுக்கு அது போய்ச் சேரும்.

ஃப்ளோரைடு ஆய்வுக்கு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகுங்கள். மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் எடுக்காமல் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, ஊர், போரின் ஆழம், பிடித்த தேதி மூன்றையும் மேலே எழுதி ஒட்டி, அன்றைக்கோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள். பாசனத்துக்கும் அதே போர் என்றால், இ.சி.யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.